தொடுமுன் ஒரு சொல்

நுழையும்முன்

பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் பணிகள் பல. மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், சித்த மருத்துவத்தில் தொக்கணம் செய்வோர் ஆகியோர் தம் கைகளாலேயே பிறர் துயரைக் குறைக்கின்றனர். அக்கைகள் திறமையை மட்டும் கற்றால் போதுமா? மருத்துவமனையில் பயிற்சி பெறும் மாணவரிடம் நோயாளி எதிர்பார்ப்பது என்ன? தம் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றை முன்வைத்து ஓர் ஆசிரியர் இக்கட்டுரையில் சிந்திக்கிறார்.

மருந்து என்னும் சொல்

எங்கள் வெம்பக்கோட்டைப் பகுதியில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து. பட்டாசுக் குழலுக்குள் அடைக்கப்படுவதும் மருந்து. 'அவர் மருந்து அறையில் வேலை பார்க்கிறார்' என்று ஒருவர் சொன்னால், வெளியூரார் மருந்துக்கடையை நினைக்கக்கூடும். எங்கள் ஊரில் சிறு குழந்தைகூட அவ்வாறு நினைக்காது.

வைப்பாற்றின் கரையில் அமைந்த கரிசல் பூமி எங்களுடையது. அருகிலுள்ள விசயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. சங்கை அறுத்து, தேய்த்து, வளையலாக்கிய கைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தன. வானம் பார்த்த நிலத்தில் கைத்தொழிலே என்றும் துணை. இன்று அந்தக் கைகள் திரி கிள்ளுகின்றன, காகிதம் சுற்றுகின்றன, மருந்து அடைக்கின்றன.

என் அக்காவும் அவ்வாறு உழைத்தவர்தாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைப் பகலில், மருந்துக் கலவை உராய்ந்து எழுந்த ஒரு பொறி அவருடைய வலக்கையை முழங்கை வரை சுட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் கூறியபோது நாங்கள் மகிழ்ந்தோம். உயிர் தப்பியதோடு துன்பம் முடிந்துவிட்டது என்று எண்ணினோம்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த பெரும் வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று மாணவர்கள் தந்த பூக்களை மேசையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் நாளேடுகள் இறந்தவர்களை எண்ணின, காயமுற்றவர்களையும் எண்ணின. காயமுற்றவர்கள் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபின் எத்தனை மாதங்கள் தம் விரல்களோடு போராடினர் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை. அக்காவின் கையைப் பார்த்திருந்ததால், அந்த எழுதப்படாத கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

தழும்பின் இயல்பு

தீப்புண் ஆறுவது ஒரு கட்டம். தழும்பு முதிர்வது மற்றொரு கட்டம். புண் மூடிய பின்னரும் தோலுக்கடியில் கொலாஜன் என்னும் புரத இழைகள் உருவாகிக்கொண்டே இருக்கும். அவை ஒழுங்கின்றி அடர்ந்து, தழும்பைத் தடிக்கச் செய்யும். பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், அந்தத் தழும்பு சுருங்கிக்கொண்டே செல்லும். அது மூட்டின்மேல் அமைந்திருந்தால் மூட்டையும் சேர்த்து இழுக்கும். விரல்கள் மடங்கும், பிறகு நீட்ட வராது. ஆழமாகச் சுட்ட இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அழிந்துவிடுவதால் தோல் வறண்டு, அரித்து, எளிதில் வெடிக்கும்.

இதனைத் தடுக்கவே இயன்முறை மருத்துவம் துணைசெய்கிறது. விரல்களை நீட்டியபடி வைத்திருக்கும் பட்டை, தழும்பை அழுத்தி வைக்கும் உறை, நாள்தோறும் செய்யும் பயிற்சி ஆகியவற்றோடு தழும்பை எண்ணெய் அல்லது களிம்பிட்டு உருவிவிடுதலும் அதில் அடங்கும். புண் முழுவதும் ஆறிய பின்னரே உருவ வேண்டும். தொடக்கத்தில் மெல்லவும், தோல் உறுதிப்பட்டபின் தழும்பின் சிவப்பு விலகி வெளுக்கும் அளவுக்கு அழுத்தியும் உருவுவர். ஒரு நாள் செய்து மறுநாள் விடக்கூடாது. தழும்பு ஓய்வெடுப்பதில்லை, சிகிச்சையும் ஓய்வெடுக்க இயலாது.

வாரத்தில் மூன்று நாள் அக்காவை அழைத்துக்கொண்டு பேருந்தில் மருத்துவமனைக்குச் செல்வது என் பொறுப்பாயிற்று. அங்கே மூத்த இயன்முறை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே பயிற்சி மாணவர்கள் பணியாற்றினர்.

முதல் நாள்

முதல் நாள் ஒரு மாணவர் வந்தார். வயது இருபத்திரண்டு இருக்கலாம். தாமதமாக வந்த அவசரத்தில், பக்கத்து மேசையில் இருந்த நண்பரோடு பேசிக்கொண்டே, அக்காவின் வலக்கையைப் பற்றித் தம் பக்கம் இழுத்தார். தோளிலிருந்து விலகிய சேலையை இடக்கையால் சரிசெய்ய அக்கா முயன்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "இது பட்டாசுக் கேஸ்" என்று நண்பரிடம் சொன்னார். பின்பு தம் கைப்பேசியை எடுத்து, அந்தக் கையைப் படம் பிடித்தார்.

அவர் உருவிய முறையில் பிழையில்லை என்று பின்னாளில் அந்த மூத்த மருத்துவரே என்னிடம் கூறினார். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவர் நன்கு படித்திருந்தார். தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் பெற்றிருப்பார். ஆயினும் அக்கா அன்று வீடு திரும்பும் வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த முறை புறப்படும் நேரத்தில், "நான் அங்க வரல தம்பி" என்றார்.

நான் கடிந்துகொண்டேன். சிகிச்சையின் தேவையை எடுத்துச் சொன்னேன். தழும்பு சுருங்கும் என்று அச்சுறுத்தினேன். "கை போனாப் போகுது. சந்தையில மாட்டைப் புடிச்சுப் பாக்குற மாதிரி என்னைப் புடிச்சான்" என்பதே அவர் மறுமொழி. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் மருத்துவமனைப் படியை மிதிக்கவில்லை. அந்த நான்கு மாதங்களில் மோதிர விரலும் சிறுவிரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கிவிட்டன.

தொடலாமா, அம்மா?

ஒரு நாள் அந்த மூத்த இயன்முறை மருத்துவர் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது அக்காவின் பெயருக்கு எதிரே தொடர்ந்து வெற்றிடமாக இருந்ததைக் கண்டதாகவும், காரணம் அறிய விரும்புவதாகவும் கூறினார். தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் அமைதி. பிறகு, "தவறு எங்களுடையது. பயிற்சி மாணவர் செய்வது என் பொறுப்பில் நடப்பது. அம்மாவை ஒரு முறை அழைத்து வாருங்கள், நானே மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார்.

அக்கா வந்தார். மூத்த மருத்துவர் மாணவர்களின் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாணவரும் கேட்டார். கைப்பேசியில் இருந்த படத்தை அக்காவின் கண்முன்னே அழித்தார். பின்பு, "இன்று நான் பார்க்கலாமா, அம்மா?" என்றார். அக்கா, "வேண்டாம்" என்றார்.

அந்த மாணவர் முகம் வாடினார். ஆனால் வாதாடவில்லை. "சரி, அம்மா" என்று இரண்டடி பின்வாங்கி நின்றார். எனக்கு அந்த நொடி இன்றும் நினைவில் இருக்கிறது. மருத்துவமனைக்குள் நுழைந்தது முதல் அக்கா சொன்ன 'வேண்டாம்' என்னும் சொல்லை ஒருவர் மதித்தது அதுவே முதன்முறை.

வேறொரு மாணவி முன்வந்தார். கைகளிலிருந்த வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்தார். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. கைகளைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அக்காவின் எதிரே, அவர் கண்மட்டத்தில் அமர்ந்தார். தம் பெயரைச் சொன்னார். தாம் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகவும், தம் ஆசிரியர் அருகிலேயே இருப்பார் என்றும் சொன்னார். திரையை இழுத்து மறைத்தார். முழங்கைக்கு மேலுள்ள பகுதியைத் துணியால் மூடினார். அதன்பிறகு, "இந்தக் கையை நான் தொடலாமா, அம்மா? வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடுவேன்" என்றார்.

அக்கா தலையசைத்தார். மாணவி முதலில் காயமில்லாத இடக்கையைத் தொட்டு, எவ்வளவு அழுத்தம் கொடுக்கப்போகிறார் என்று காட்டினார். அதன் பின்னரே வலக்கைக்கு வந்தார். "இந்தக் கையால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். அக்கா எதிர்பாராத கேள்வி அது. நெடுநேரம் யோசித்து, "சோத்தைப் பெசஞ்சு என் கையால சாப்பிடணும் தாயி" என்றார். அதுவே அக்காவின் சிகிச்சைக் குறிக்கோளாகப் பதிவேட்டில் எழுதப்பட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றுகூட வேண்டும்; அதற்கேற்பப் பயிற்சிகள் அமைந்தன.

தொழிலோடு பிறந்த விதிகள்

அந்த மாணவி செய்தவை அனைத்தும் அவருடைய நல்லியல்பால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல, கற்பிக்கப்பட்ட ஒழுங்குகள். குறித்த நேரத்தில் வருதல், சீருடை, குறுகிய நகம், கை கழுவுதல், பெயர் கூறி அறிமுகம் செய்தல், ஒப்புதல் பெறுதல், தேவையான பகுதியை மட்டும் திறத்தல், செய்தவற்றைப் பதிவுசெய்தல், நோயாளியைப் பற்றி வெளியே பேசாமை, கையுறையாகப் பணமோ பரிசோ பெறாமை ஆகியவை பயிற்சிக் காலத்திலேயே பழக்கமாக வேண்டியவை.

கை கழுவுதலையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐந்து வேளைகளை வகுத்துள்ளது. நோயாளியைத் தொடும் முன், தூய்மை காக்க வேண்டிய செயலுக்கு முன், உடல் நீர்மங்கள் பட்டிருக்கக்கூடிய நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என்பன அவை. தீப்புண் பட்ட தோலுக்குக் கிருமியைத் தடுக்கும் வலிமை குறைவு. எனவே கழுவாத கை அங்கே நோயைச் சுமந்துசெல்லும் கையாகிவிடும்.

தெரியுமா?

பிரிட்டனில் 1894ஆம் ஆண்டு, மசாஜ் என்னும் பெயரில் நடந்த முறைகேடுகள் பற்றி மருத்துவ இதழ் ஒன்று எச்சரித்தது. அதே ஆண்டில் தம் தொழிலின் நற்பெயரைக் காக்க நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவரின் வழிகாட்டுதலின்றிச் சிகிச்சை அளிக்கக்கூடாது, பொது இதழ்களில் விளம்பரம் செய்யக்கூடாது, நோயாளிகளுக்கு மருந்து விற்கக்கூடாது என்பன அவர்கள் முதலில் வகுத்த விதிகளுள் சில. அச்சங்கமே வளர்ந்து இன்று அந்நாட்டின் இயன்முறை மருத்துவர் சங்கமாக விளங்குகிறது.

அந்த நால்வரும் முதலில் கட்டடம் எழுப்பவில்லை, கருவி வாங்கவில்லை, விதிகளை எழுதினர். நம்பிக்கை இல்லாத இடத்தில் இத்தொழில் நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இந்தியாவிலும் இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துறைகளின் கல்வியையும் பணித்தரத்தையும் நெறிப்படுத்த 2021ஆம் ஆண்டு ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

நம் மரபுக்கும் இது புதிதன்று. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அது ஒன்பது வகைப்படும். தொடுதலை இத்தனை நுட்பமாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் சென்னையை அடுத்த தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இம்மருத்துவம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. இளநிலைச் சித்த மருத்துவப் படிப்பில் நான்கரை ஆண்டுக் கல்விக்குப் பின் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். நூல் கற்பித்ததை நோயாளி சோதித்துப் பார்க்கும் ஆண்டு அது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு பகுதியுடையதாகக் கூறி முடிகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கு. வள்ளுவர் நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். நோயாளி சிகிச்சையைப் பெறுபவர் மட்டுமல்லர். அதன் ஒரு பகுதியும் ஆவார். அவருடைய விருப்பமின்றி மற்ற மூன்றும் நிறைவடைவதில்லை. அக்கா வராமல் நின்ற நான்கு மாதங்கள் எனக்குக் கற்பித்த பொருள் இதுவே.

தொடக்கூடாத வேளை

தொடக் கற்பவர் தொடாதிருக்கவும் கற்க வேண்டும். கொப்புளமோ சீழோ இருந்தால் அவ்விடத்தை உருவக்கூடாது. புதிதாக ஒட்டப்பட்ட தோலை மருத்துவர் இசைவின்றி அசைக்கக்கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக இருந்தால் அதைப் பிடித்துவிடுதல் பேராபத்து. உள்ளே குருதிக்குழாயில் உறைந்துள்ள குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையக்கூடும், உயிரையே பறிக்கக்கூடும். தழும்பேறிய தோலில் உணர்ச்சி மாறுபட்டிருப்பதால், வெந்நீர் ஒற்றடம் கொடுப்பவர் நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல் தாமே வெப்பத்தைச் சோதிக்க வேண்டும்.

இத்தகைய வேளைகளில், "எனக்குத் தெரியவில்லை, என் ஆசிரியரைக் கேட்டு வருகிறேன்" என்று சொல்வது இழுக்கன்று. அந்த மாணவி ஒரு நாள் அக்காவின் மணிக்கட்டில் சிறு வெடிப்பொன்றைக் கண்டு, தொடங்கிய சிகிச்சையை நிறுத்தி ஆசிரியரை அழைத்தார். அன்று உருவுதல் நடைபெறவில்லை. வந்த செலவு வீணாயிற்றே என்று நான் முணுமுணுத்தேன். அக்கா என்னை அடக்கினார். "தெரியாததைத் தெரியலன்னு சொல்லுற பிள்ளைகிட்டக் கையைக் குடுக்கலாம்" என்றார்.

ஆறேழு வாரங்கள் சென்றபின் ஒரு நாள் அந்த மாணவி விடுப்பில் இருந்தார். யார் பார்ப்பது என்னும் கேள்வி எழுந்தபோது, மூலையில் நின்ற முதல் மாணவரைச் சுட்டி, "அந்தத் தம்பியே பாக்கட்டும்" என்றார் அக்கா. அவர் கைகழுவி வந்து, எதிரே அமர்ந்து, பெயர் சொல்லி, "தொடலாமா, அம்மா?" என்று கேட்டார். அவர் குரல் சற்றே நடுங்கியது. பயிற்சி என்பது பிழை செய்யாதவர்களுக்கானது அன்று. பிழையை ஏற்றுத் திருத்திக்கொள்பவர்களுக்கானது என்பதை அன்று கண்டேன்.

என் பிழை

அந்த மாணவரைக் குறைகூறியே இக்கட்டுரையை முடித்திருப்பேன், நானும் அதே பிழையைச் செய்யாதிருந்தால்.

கோடை விடுமுறையில் சில மாணவர்கள் பட்டாசு வேலைக்குச் செல்ல இருப்பதாக அறிந்து, வகுப்பில் அவர்களை எச்சரிக்க எண்ணினேன். அக்காவின் கையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். விரல்கள் எவ்வாறு மடங்கின, அவர் எவ்வாறு அழுதார், எதைச் செய்ய இயலாமல் தவிக்கிறார் என்பதையெல்லாம் சொன்னேன். வகுப்பு உருகியது. நல்ல பாடம் நடத்திய நிறைவோடு வீடு திரும்பினேன்.

அவ்வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் அக்காவோடு வேலை பார்த்தவர். செய்தி அக்காவை எட்ட இரண்டு நாள் ஆயிற்று. அவர் சினந்து பேசவில்லை. "அந்தப் பையன் கையால புடிச்சான். நீ வாயால புடிச்சிட்ட. ரெண்டு பேரும் என்னைக் கேக்கல" என்றார்.

எண்ணம் நல்லதாக இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மாணவருக்கும் எண்ணம் நல்லதுதான். கற்க வேண்டும் என்னும் ஆர்வத்தில்தான் படம் எடுத்தார். நல்ல எண்ணம் ஒப்புதலுக்கு ஈடாகாது. பிறர் துயரம், அது எத்தனை பேருக்குப் பாடமாக அமையக்கூடியதாயினும், அவருடைய உடைமை. அதைத் தொடுமுன்னும் ஒரு சொல் கேட்க வேண்டும்.

ஆகவே, இப்பாடத்தை எழுதுமுன் அக்காவிடம் சென்று கேட்டேன். முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நீக்கச் சொன்னார், நீக்கினேன். "பேரு போடாத. எந்த ஆலைன்னும் வேண்டாம். அந்தப் பிள்ளைக பேரும் வேண்டாம், அதுக இப்ப நல்லாப் பண்ணுதுக" என்றார். அதனால்தான் இக்கட்டுரையில் எவர் பெயரும் இல்லை.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், இயன்முறை மருத்துவராகலாம். மற்றவர்கள் வேறு பணிகளுக்குச் செல்லலாம். காவலர் ஒருவரின் பையைச் சோதிக்கிறார், தையற்காரர் அளவெடுக்கிறார், ஆசிரியர் மாணவனின் குடும்பநிலையை அறிகிறார். ஏதோ ஒரு வகையில் பிறருடைய எல்லைக்குள் நுழையாத பணி அரிது. உங்கள் கைக்குத் திறமை வருமுன் உங்கள் நாவுக்கு அந்தக் கேள்வி பழகட்டும்.

அக்கா இன்று தம் வலக்கையால் சோறு பிசைந்து உண்கிறார். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் ஒன்றுகூடுகின்றன. மோதிர விரலும் சிறுவிரலும் மடங்கியபடியே இருக்கின்றன. இடையில் போன அந்த நான்கு மாதங்கள் கிடைத்திருந்தால் அவையும் நீண்டிருக்குமா என்பதை இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் சுளுக்கெடுத்தல், எண்ணெய் தேய்த்தல் முதலிய பணிகளைச் செய்யும் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் கடைப்பிடிக்கும் ஒழுங்குகளை அவருடைய இசைவு பெற்றுத் தொகுத்து எழுதுக.

2. 'நல்ல எண்ணம் ஒப்புதலுக்கு ஈடாகாது' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. கட்டுரையில் இடம்பெற்றுள்ள வட்டார வழக்குத் தொடர்களை எடுத்தெழுதி, அவற்றை எழுத்து வழக்கில் மாற்றி அமைக்க.